மாமாவோட வெள்ளைக் காரும் ஆரஞ்சுப் புள்ளிகளும்

குற்றால சீசன்னா எல்லாரும் அருவியைப் பத்தித்தான் எழுதுவாங்க. சாரல், பார்டர் பரோட்டா, ரம்புட்டான், ஐந்தருவியில வழுக்கி விழுந்தது... எல்லாம் போதும் போதும்ங்கற அளவுக்கு எழுதியாச்சு. நான் எழுதப் போறது அந்தக் கூட்டத்தை ஏத்திக்கிட்டு வர்ற வண்டிகளைப் பத்தி. இன்னும் குறிப்பா சொன்னா, வண்டி பெயிண்ட்டுல ஒட்டிக்கிட்டு, எத்தனை பக்கெட் தண்ணி ஊத்தினாலும் போகாம அடம் பிடிக்கிற சமாச்சாரங்களைப் பத்தி. கார் இல்லாதவங்களும் தைரியமா படிக்கலாம். கொஞ்சம் கெமிஸ்ட்ரி, கொஞ்சம் குடும்பச் சண்டை ரெண்டும் இருக்கு :-)

எங்க மாமா தென்காசியில டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுறார். முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. அம்பாசிடர்ல ஆரம்பிச்சவர். அதை அரை மனசா வித்துட்டு, இப்போ ஒரு பழைய வெள்ளைக் கார் வச்சிருக்கார். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும்தான் அவருக்கு உண்மையான வருமானம். மத்த மாசமெல்லாம் கல்யாண வண்டி, ஆஸ்பத்திரி சவாரி, எப்பவாவது சபரிமலை.

போன சீசன் ஆரம்பத்துல வீட்டுல இருந்தே ஆணி புடுங்கலாம்னு ஊருக்குப் போயிருந்தேன். மாமா முகமே சரியில்ல. என்னன்னு கேட்டா, வருஷா வருஷம் அவர்கிட்டயே வண்டி பிடிக்கிற ஒரு குடும்பம், "என்ன அண்ணாச்சி, வண்டி முழுக்க துருப்பிடிச்சிருக்கு"ன்னு கேட்டுட்டாங்களாம். போய்ப் பார்த்தேன். பானெட், கூரை, கதவுன்னு வெள்ளை பெயிண்ட் மேல மிளகாய் விதையை விட சின்னதா ஆரஞ்சு கலர்ல நூத்துக்கணக்குல புள்ளி. மாமா ஏற்கெனவே ஒரு பெயிண்டர்கிட்ட காட்டியிருக்கார். அவர் பார்த்த உடனே, "பாடி உள்ளருந்து துரு கிளம்பிட்டு. ஃபுல் பெயிண்ட் அடிக்கணும், 45,000 ஆகும், வண்டி பன்னெண்டு நாள் நிக்கணும்"னு சொல்லிட்டார். சீசன்ல பன்னெண்டு நாள்! காசை விட அந்தப் பன்னெண்டு நாள்தான் மாமாவுக்கு வயித்தைக் கலக்கிருச்சு.

"நீதாம்ல இன்ஜினியரிங்கு படிச்சவன், நீ பாத்து சொல்லு"ன்னாரு. நான் படிச்சது கம்ப்யூட்டர்னு அவருக்கு எத்தனையோ தடவை சொல்லியாச்சு. இன்ஜினியர்னா ஃபேன் ரிப்பேர்ல இருந்து ராக்கெட் வரைக்கும் எல்லாம் தெரியணும்ங்கறது எங்க வீட்டுச் சட்டம்.

ஆனா ஒண்ணு, பக்(பூச்சி) எங்க இருக்குன்னு தேடுறதுதானே நம்ம பொழப்பு? கோடா இருந்தா என்ன, காரா இருந்தா என்ன. மொதல்ல புள்ளியை விரலால தடவிப் பார்த்தேன். பாடி உள்ள இருந்து துரு வந்தா பெயிண்ட் கொப்புளம் மாதிரி உப்பும், நகத்தால நோண்டினா செதில் செதிலா பேரும். இங்க பெயிண்ட் சமமாத்தான் இருக்கு, மேல ரவை ஒட்டின மாதிரி சொரசொரப்பு மட்டும். (கைக்குத் தெரியலைன்னா ஒரு டெக்னிக் இருக்கு. வண்டியைக் கழுவிட்டு, மெல்லிசான பிளாஸ்டிக் கவரைக் கையில மாட்டிக்கிட்டு பெயிண்ட் மேல லேசா ஓட்டுங்க. வெறும் கைக்குத் தெரியாத மணல் கூட உப்புத்தாள் மாதிரி தெரியும்.)

அப்புறம் வண்டியைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்தேன். இடது பக்கம் புள்ளி அப்பிக் கிடக்கு. வலது பக்கம் எண்ணி பத்து பதினஞ்சுதான், அதுவும் முன் சக்கரத்துக்குப் பின்னாடி இருக்கற கதவோட அடிப்பக்கம். துரு உள்ள இருந்து வந்தா இடது, வலதுன்னு கட்சி பார்த்தா வரும்?

ராத்திரி வண்டி எங்க நிக்குதுன்னு கேட்டேன். சந்து முனையில, கிரில் பட்டறைக்கு எதுத்தாப்புல. காலையில சவாரி இல்லைன்னா பத்து பதினோரு மணி வரைக்கும் அங்கேயேதான் நிக்கும். பட்டறையில காலையில எட்டு மணிக்கே கட்டிங் மெஷின்ல கம்பி அறுக்க ஆரம்பிச்சிருவாங்க. தீபாவளி மத்தாப்பு மாதிரி பறக்குமே, அது வேற ஒண்ணும் இல்ல, சூடான இரும்புத் துகள். சீசன் நேரத்துல செங்கோட்டைக் கணவாய் வழியா தென்காசிக்குள்ள அடிக்கிற காத்தைப் பத்தி நான் சொல்லணுமா? பெரிய கோயில் கோபுர வாசல்ல நின்னவங்களுக்குத் தெரியும், வேட்டியைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கணும். பட்டறை மேற்கே, வண்டி கிழக்கே. சூடான துகள் வந்து பெயிண்ட்டுல குத்தி உக்காந்துக்குது. சாரல் அதை நாள் கணக்குல ஈரமாவே வச்சிருக்கு. துகள் துருப்பிடிக்குது. துரு வண்டியோடது இல்ல, பட்டறையோடது!

வலது பக்கக் கதவுல இருந்த அந்தப் பத்து பதினஞ்சு பிரேக்ல இருந்து வந்தது. டிஸ்க் பிரேக்ல டிஸ்க் வார்ப்பிரும்பு. பிரேக் போடப் போட அது தேஞ்சு பொடியா பறக்கும். புளியரை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில தினம் ஏறி இறங்குற வண்டிக்குச் சொல்லவே வேணாம்.

சிக்கலைக் கண்டுபிடிச்சாச்சு. எப்படி எடுக்கறதுங்கறதுலதான் சண்டை ஆரம்பிச்சது.

"இதுக்கு என்னல யோசன? மண்ணெண்ணெய ஊத்தி பனியன் வேஸ்ட்ட வச்சி ஒரு தேய். போவலையா, ரப்பிங் போடு. அம்பாசிடர நான் அப்பிடித்தாம்ல கண்ணாடி மாதிரி வச்சிருந்தேன்."

இதுல மாமா சொன்னது பொய்யே இல்ல. அம்பாசிடர் பளபளன்னுதான் இருந்துச்சு. அது ஏன்னு தேடிப் பார்த்தப்பத்தான் எனக்கு இந்த விஷயமே சுவாரஸ்யமா ஆச்சு. பழைய வண்டிகள்ல அடிச்சது ஒரே ரக பெயிண்ட், மேல இருந்து அடி வரைக்கும் கலர்தான். வெயில்ல மேல் பரப்பு மங்கி, சுண்ணாம்பு மாதிரி ஆகும். ரப்பிங் காம்பவுண்ட்ங்கறது ஒரு வகை உப்புக்காகிதம்தான், பசை வடிவத்துல இருக்கு. மங்கின தோலை அது சீவி எடுத்துரும், கீழ புது கலர் தெரியும். துணியில கலர் ஒட்டுறதை சின்னப் பையனா நானே பார்த்திருக்கேன். ஒட்டியிருந்த அழுக்கு, தார், இரும்புத் துகள் எல்லாம் அந்தத் தோலோட சேர்ந்து போயிரும். என்ன அழுக்குன்னு யாரும் தனித்தனியா கண்டுபிடிக்கத் தேவையே இருக்கல. மங்குனா தேய், அம்புட்டுதான். தேய்ஞ்சு போச்சா, இன்னொரு கோட் அடி.

இன்னொண்ணும் இருக்கு. அம்பாசிடர்ல ரொம்ப காலத்துக்கு நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக்தான். தேயுற பொடியில பெரும்பகுதி டிரம்முக்குள்ளயே கிடக்கும், டிஸ்க் மாதிரி வெளிய வீசாது. ஆக, பிரேக் பொடிங்கற இந்த எதிரியை மாமா அந்தக் காலத்துல பெருசா சந்திச்சதே இல்ல. அவரோட ஆயுதம் மோசம்னு சொல்ல முடியாது. சண்டைதான் வேற ஆயிருச்சு.

இப்போ வர்ற வண்டிகள்ல கலருக்கு மேல கண்ணாடி மாதிரி கிளியர் கோட்னு ஒரு அடுக்கு இருக்கும். மொத்தமே 40, 50 மைக்ரான். நம்ம தலைமுடி சுமாரா 70 மைக்ரான். முடியை விட மெல்லிசான அந்த அடுக்குதான் வெயில்ல இருந்து கலரைக் காப்பாத்துது. வருஷா வருஷம் ரப்பிங் போட்டா அது எத்தனை நாளைக்குத் தாங்கும்? சில வண்டிகள்ல பெயிண்ட் சொறி பிடிச்ச மாதிரி திட்டுத் திட்டா உரிஞ்சு நிக்கிறதைப் பார்த்திருப்பீங்க, அது இந்த அடுக்கு செத்துப் போனதுதான்.

இதுல ஒரு உள்குத்து: விலை குறைஞ்ச வண்டிகள்ல சாதா வெள்ளைக் கலருக்கு கிளியர் கோட் இல்லாம பழைய மாதிரியே ஒரே பெயிண்ட்டா அடிக்கிறதும் உண்டு. நம்ம வண்டி எந்த ஜாதின்னு பார்க்க, கண்ணுல படாத ஓரமா துளி பாலிஷ் வச்சுத் தேய்ச்சு, துணியில கலர் வருதான்னு பார்க்கணும். இணையத்துல எல்லாரும் வெள்ளைத் துணியில தேய்க்கச் சொல்றாங்க. வெள்ளை வண்டிக்கு வெள்ளைத் துணியா! மாமா போய் அத்தையோட பழைய கருப்பு பிளவுஸ் துணியை எடுத்துட்டு வந்தார். வெள்ளை ஒட்டுச்சு. ஆக மாமா வண்டியில கிளியர் கோட் கிடையாது. "பாத்தியால? நம்ம அம்பாசிடர் ஜாதிதான்"னு அவருக்கு ஒரே குஷி. அப்படியே இருந்தாலும் அம்பாசிடர் மாதிரி தாட்டியா அடிச்ச பெயிண்ட் இல்ல இது, மெல்லிசுதான், தேய்க்க அவ்வளவு மிச்சம் இல்லைன்னு சொல்லி அடக்கினேன்.

கடைசியில ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். இடது பின் கதவுல டேப் ஒட்டி மூணு கட்டம். ஒண்ணுல மண்ணெண்ணெய். ஒண்ணுல அத்தை சிபாரிசு பண்ணின புளி. ஒண்ணுல நான் ஆன்லைன்ல வரவழைச்ச இரும்பு எடுக்கற மருந்து.

மண்ணெண்ணெய் கட்டத்துல (ரேஷன் மண்ணெண்ணெய் இப்பல்லாம் குதிரைக்கொம்பு, யாரோ ஒருத்தர் வீட்டுப் பரண்ல இருந்த பாட்டில்) கதவு அடியில ஒட்டியிருந்த தார் நிமிஷத்துல கரைஞ்சு வழிஞ்சுது. ஆரஞ்சுப் புள்ளி ஒண்ணு கூட அசையல. தாரும் மண்ணெண்ணெயும் ஒரே குடும்பம், கச்சா எண்ணெயில இருந்து வந்த பங்காளிங்க, அதனால கரையும். இரும்புக்கும் அதுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல. கடையில பளபளா டப்பாவுல விக்கிற தார் ரிமூவர்கள்ல பலதும் இதே வம்சத்து கரைப்பான்தான். அதனால தாருக்கு மாமா கட்சி ஜெயிச்சதா அறிவிக்கிறேன். தேங்காயெண்ணெய் கூட வேலை செய்யும், நேரம்தான் ஆகும். எதைப் போட்டாலும் அப்புறம் சோப்புத் தண்ணியில கழுவிடணும், இல்லைன்னா அந்த எண்ணெய்ப் பசையே ஊர்ப் புழுதியை எல்லாம் கூப்பிட்டு உக்கார வச்சிரும். பெட்ரோல் மட்டும் வேணாம் சாமி, தீப்பெட்டி உரசுற தூரத்துல அதை வச்சுக்கிட்டு வேலை பார்க்கறதை நினைச்சாலே பயமா இருக்கு.

புளி கொஞ்சம் ஆச்சரியப்படுத்துச்சு. புளியில இருக்கறது டார்டாரிக் அமிலம், பித்தளைக் குத்துவிளக்கை மின்ன வைக்கிற அதே ஆசாமி. பத்து நிமிஷம் ஊற வச்சுத் துடைச்சதுல புள்ளியோட கலர் லேசா மங்குச்சு. ஆனா தடவினா சொரசொரப்பு அப்படியே இருக்கு. மேல் துருவைத்தான் கரைச்சிருக்கு, துகள் உள்ளயே குத்தி நிக்குது. விளக்கு தேய்க்கிற மாதிரி புளிச் சக்கையை வச்சு அழுத்தித் தேய்ச்சா, அதுல இருக்கற நாரும் மண்ணும் பெயிண்ட்டுல கோடு போடும். அமெரிக்காவுல முன்னாடி, ரயில்ல வந்த புது கார்கள் மேல தண்டவாளத்து இரும்புப் பொடி உக்காந்திருந்தா ஆக்சாலிக் அமிலம் கலந்த கரைசல்ல கழுவுவாங்களாம். அதனால அத்தையோட கட்சியும் கொள்கை அளவுல சரிதான், அமிலம்தான் பத்தல.

மூணாவது கட்டம்தான் சினிமா. மருந்தைத் தெளிச்சு ஒரு நிமிஷம் கூட ஆகல, ஒவ்வொரு ஆரஞ்சுப் புள்ளியில இருந்தும் ஊதா கலந்த சிவப்பா வழிய ஆரம்பிச்சுது. அத்தை பதறிட்டாங்க. "ஏ, வண்டிக்கு ரத்தம் வருதுல!" வாடை வேற. அழுகின முட்டையும் பியூட்டி பார்லரும் சேர்ந்த மாதிரி. பார்லர்னு நான் சும்மா சொல்லல. இந்த மருந்துல இருக்கறது அம்மோனியம் தயோகிளைகோலேட், முடியை சுருட்டை ஆக்க பார்லர்ல பயன்படுத்துற அதே சரக்கு. முடி எடுக்கற கிரீம்ல இருக்கறதும் இதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. அது இரும்பைப் பிடிச்சு, தண்ணியில கரையுற ஊதாக் கலர் சேர்மமா மாத்திருது. தேய்க்கவே வேணாம், தண்ணி அடிச்சா ஓடிருது. கழுவிட்டுப் பார்த்தா பத்துக்கு எட்டுப் புள்ளி காணோம். மாமா எதுவும் பேசல. குனிஞ்சு விரலால தடவினார். மறுபடி தடவினார். "எங்கல போச்சு?"

கவனமா செய்யணும்ங்க. நிழல்ல, பெயிண்ட் சூடு ஆறினப்புறம்தான் தெளிக்கணும். நாலஞ்சு நிமிஷத்துல கழுவிடணும், காய விடவே கூடாது. கையில உறை கட்டாயம். முடியைக் கரைக்கிற சாமான், உங்க கைத்தோலை மட்டும் மச்சான்னு கொஞ்சாது.

மிச்சம் இருந்த பிடிவாதக்காரத் துகளுக்கு களிமண் கட்டி. பேருதான் களிமண், பார்க்க பரோட்டா மாவு உருண்டை மாதிரியே இருக்கும், ரப்பர் மாதிரி பாலிமர்ல நுணுக்கமான பொடி கலந்தது. 1980கள்ல ஜப்பான்ல உருவான சரக்கு. ததாவோ கோடாதேங்கறவர் இதுக்கு 1995-ல அமெரிக்கக் காப்புரிமை வாங்கியிருக்கார். சோப்புத் தண்ணியை நல்லாத் தெளிச்சு, அழுத்தாம முன்னும் பின்னும் வழுக்க விடணும். மேல துருத்திக்கிட்டு நிக்கிற துகளை மட்டும் பிடுங்கி தனக்குள்ள வச்சுக்கும். அப்பப்ப மடிச்சுப் பிசைஞ்சு புது முகம் திருப்பணும். கீழ விழுந்துட்டா துட்டைப் பார்க்காம தூக்கிப் போட்டுடணும், மண் ஒட்டின கட்டியை மறுபடி வச்சா அதுவே உப்புத்தாள். கழுவிட்டுப் பிசையுற வேலையில்லாம சுலபமா இருக்கட்டும்னு இதே வேலைக்கு இப்போ ரப்பர் பூச்சு போட்ட கையுறையும் வருது.

ஆனா இந்தக் களிமண்ணைத் தலைமேல தூக்கி வச்சு ஆடுறவங்களோட எனக்கு ஒத்துப்போகல. மாசா மாசம் போடுறவங்க இருக்காங்க. என்னதான் நைசா இருந்தாலும் அது உரசுற பொருள்தான், மெல்லிசா கீறல் விழும், அப்புறம் பாலிஷ், வேக்ஸ்னு செலவு நீளும். வருஷத்துக்கு ஒருக்கா, அதுவும் கவர் வச்சுத் தடவி சொரசொரப்பு தெரிஞ்சா மட்டும் போட்டாப் போதும்ங்கறது என் கட்சி. மருந்து மொதல்ல, தார் ரெண்டாவது, களிமண் கடைசி. உரசாம எடுக்க முடிஞ்சதை எல்லாம் எடுத்துட்டு, மிச்சத்துக்கு மட்டும் உரசலாம்.

மாமாகிட்ட இருந்து நான் கத்துக்கிட்டதும் இருக்கு. காக்கா எச்சம் காய்ஞ்சு கிடந்தா அவர் சுரண்டவே மாட்டார். ஈரத் துணியை மேல போட்டுட்டு டீ குடிக்கப் போயிருவார். வந்து எடுத்தா துணியோட வந்துரும். இப்போ பெரிய ஊர்கள்ல ஆயிரக்கணக்குல வாங்குற டீடெய்லிங் கடைக்காரங்க சொல்ற முறையும் இதேதான். அதே மாதிரி, கை வைக்கிறதுக்கு முன்னாடி மேல இருந்து கீழ வெறும் தண்ணியை தாராளமா ஊத்தி மண்ணை இறக்கிடணும்ங்கறதும் அவர் முப்பது வருஷமா செய்யறது.

ஒரு விஷயத்துல மட்டும் நான் விட்டுக் கொடுக்கல. டிரைவர்கள் சிலர் வழக்கமா வண்டி கழுவுறது சித்தாத்துல, இல்ல பக்கத்து வாய்க்கால்ல. அங்க போய் இந்த ஊதாத் தண்ணியை விடக்கூடாதுன்னு சொல்லிட்டேன். 2014-லயே குற்றால அருவிகள்ல சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டுச்சு. தலைக்குத் தேய்க்கிற சீயக்காய்க்கே கணக்குப் பார்க்கற ஊர்ல, காருக்குத் தேய்க்கிற தயோகிளைகோலேட்டை ஆத்துல விடலாமா? அந்தச் சித்தாறு சீவலப்பேரியில தாமிரபரணியில போய்க் கலக்குது, கீழ எத்தனை ஊர் அதைக் குடிக்குது. மண்ணெண்ணெய்க்கும் இதே நியாயம்தான், அது பழைய முறைங்கறதால சுத்தம்னு ஆயிராது. வாட்டர் சர்வீஸ் கடையில அழுக்குத் தொட்டி இருக்கு, அங்க ரேம்புக்கு வாடகை மாதிரி ஒரு தொகை கொடுத்து நாங்களே செஞ்சோம்.

மொத்தச் செலவு மருந்து, களிமண், வேக்ஸ், ரேம்பு, டீ, வடை எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய் சொச்சம். ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் வரைக்கும் வேலை. திங்கக்கிழமை காலையில மாமா பழைய குற்றாலத்துக்கு சவாரி போயிட்டார். கூரையில ஏழெட்டுப் புள்ளி இன்னும் இருக்கு, சீசன் முடிஞ்சு பார்த்துக்கலாம்னு விட்டுட்டோம். வண்டி நிறுத்துற இடத்தை மாத்துறதுதான் பெரிய பாடா இருந்துச்சு, சந்துல வேற இடம் இல்ல. பட்டறைக்காரர் நல்ல மனுஷன். விஷயத்தைச் சொன்னதும் ஒரு பழைய தார்ப்பாயை வாசல் ஓரமா கட்டிட்டு, அந்தப் பக்கமா திரும்பி அறுக்கறார்.

இப்போ பிரச்சனை என்னன்னா, ஸ்டாண்டுல இருக்கற மத்த டிரைவர் அண்ணாச்சிங்க எல்லாம் "உம்ம மருமவன் எப்பம் வாரான்?"னு மாமாவைக் கேக்காங்களாம். பாட்டிலை நான் கூரியர்ல அனுப்பி வைக்கிறேன், கையுறை போட்டுக்கிடுங்கன்னு சொல்லியிருக்கேன்.

உங்க ஊர்ப்பக்கம் தார் எடுக்கவும், வேப்ப மரப் பிசின் எடுக்கவும் என்ன போடுவாங்க? பிசினுக்கு மட்டும் எங்க மூணு பேர் கட்சியிலயும் உருப்படியா ஒண்ணும் இல்ல. தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க, மாமாகிட்ட டேப் மிச்சம் இருக்கு, கட்டம் போட்டுப் பார்த்துடலாம்.